சின்ன விட்டில்களுக்குப் பெயர் தேட எது உதவியது: விளக்கு, லென்ஸ், செயலி, ஒரு ஜாம் பாட்டில்

விரல்நகம் அளவே உள்ள விட்டில்களுக்கு, அதாவது அந்துப்பூச்சிகளுக்குப் பெயர் தேடுவது சில வருடங்களாக என் பொழுதுபோக்கு. வீடு மன்னார்குடி பக்கம், பின்சுவரை ஒட்டியே வயல். இதற்காகக் காசு கொடுத்து வாங்கியதில் எது உருப்படி, எது தண்டம் என்று கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

புற ஊதா எல்இடி வாங்குவதானால் 365 நானோமீட்டர் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் 395-க்கு நம் கண்தான் மயங்குகிறது, பூச்சி அவ்வளவாக வருவதில்லை. வாசல் டியூப் லைட்டே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும், பல்லிக்கு முந்திக்கொண்டால். அமாவாசையை ஒட்டி, மழை விட்டுக் காற்றும் அடங்கிய இரவு என்றால் வெள்ளை வேட்டியை விளக்கருகே திரையாகக் கட்டிவிட்டு உட்காரலாம். குறுவை கதிர் வாங்கும் சமயத்தில் மட்டும் வேண்டாம். பச்சைத் தத்துப்பூச்சி வேட்டியை மூடிவிட்டு மூக்கிலும் நுழையும்.

போனில் மாட்டும் கிளிப் லென்ஸ் கொடுத்த காசுக்கு மோசமில்லை. ஓரங்கள் மங்கும், ரொம்பக் கிட்டே போக வேண்டும், அதற்குள் பூச்சி பறந்துவிடும். சின்ன டப்பாவில் பிடித்துப் பிரிட்ஜில் பத்து நிமிடம் வைத்தால் அடங்கும். மேலிருந்து ஒரு படம் எடுத்தால் போதாது. பக்கவாட்டிலும் எடுத்தால்தான் வாயோரத்து உறுப்பு தெரியும். அது அரிவாள் போல மேல்நோக்கி வளைந்திருந்தால் ஜெலிகிடே என்ற விட்டில் குடும்பத்தை முதலில் புரட்டிப் பார்ப்பேன். பக்கத்தில் ஒரு ஸ்கேலும் இருக்கட்டும்.

படம் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகள் பிரபலமான பூச்சிகளை நொடியில் சொல்லிவிடும். எங்கள் பக்கத்து வயல்காரப் பெரியப்பா அதைவிட வேகம். நெல்லின் மஞ்சள் குருத்துப்பூச்சியை நான் லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "இதுக்கெதுக்குத் தம்பி லென்சு? பொட்டு வச்சிருந்தா பொட்டை, இல்லாட்டி ஆணு" என்று போய்விட்டார். சரிதான். மஞ்சள் இறக்கைக்கு ஒன்றாகக் கறுப்புப் பொட்டு பளிச்சென்று இருப்பது பெண்.

பழுப்பில் பழுப்பாக இருப்பவைதான் தலைவலி. அவற்றில் பலவற்றைப் படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கத்தரிக்காய்த் துளைப்பானையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரில் ஆப்பிரிக்காவில் பதிவாகியிருந்தவை வேறு வேறு இனங்கள் என்று 2015-இல்தான் பிரித்தார்கள்.

என் கணக்கில் முதலிடம் ஜாம் பாட்டிலுக்கு. விட்டிலைப் பிடிப்பதை விட்டுவிட்டுப் புழுவைப் பிடித்து வளர்த்தால், அது தின்ற செடியே பாதிப் பெயரைச் சொல்லிவிடும். முளைக்கீரைத் தொட்டியில் இலை நூலால் ஒட்டி மடங்கியிருந்தால் மெல்லப் பிரித்துப் பாருங்கள். கறுப்புப் புழுக்கை உதிரும், உள்ளே ஒல்லியான பச்சைப் புழு துள்ளும். இலையின் சதையைத் தின்றுவிட்டு மெல்லிய தோலை மட்டும் விட்டுவைத்திருக்கும். பாட்டிலில் இரண்டு விரற்கடை ஈரமண் போடுங்கள், இது மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகும். வாய்க்குத் துணி கட்டி, தினமும் இலை மாற்றிப் புழுக்கையைத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். சில சமயம் விட்டிலுக்குப் பதில் குட்டிக் குளவி வெளியே வரும், அது புழுவுக்குள்ளேயே வளர்ந்தது.

விட்டில் வந்தால் செதில் உதிராத புது இறக்கை கிடைக்கும். கரும்பழுப்பில் வெள்ளைப்பட்டை அகலமாக, அறுபடாமல் ஓடினால் ஸ்போலாடியா ரீகர்வாலிஸ். பட்டை ஒடுங்கியிருந்தால் அதே கீரையைத் தின்னும் ஹைமீனியா பர்ஸ்பெக்டாலிஸா என்று பார்ப்பேன். விளக்கடியில் கிடைத்த தேய்ந்த இறக்கையில் இந்த வித்தியாசம் லேசில் பிடிபடாது.

புத்தகம் என்றால் ஹாம்ப்சன். நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த இவர் பிரிட்டிஷ் இந்திய விட்டில்களைப் பற்றி 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகள் எழுதினார். ஸ்கேன் பிரதி இலவசமாகக் கிடைக்கிறது. பெயர்கள் நிறைய மாறிவிட்டன, மிகச் சின்னக் குடும்பங்கள் அதில் இல்லவும் இல்லை. அவற்றுக்குப் பூச்சியியலாளர் ஃபிளெட்சர் 1920-இல் வெளியிட்ட இந்திய நுண்விட்டில்களின் வாழ்க்கை வரலாறுதான் எனக்குத் துணை. எந்தப் புழு எந்தச் செடியில் என்று அதில் இருப்பதால் பாட்டில்காரர்களுக்கு அது தோது.

வீட்டுச் சுவரில் சாம்பல் நிறத்தில் தட்டையாக, இரண்டு முனையும் திறந்த ஒரு சென்டிமீட்டர் கூட்டை இழுத்துக்கொண்டு நகருமே, ஒட்டடையும் முடியும் தின்னும் புழு, அதுவும் விட்டில்தான். இந்த முனையில் தொட்டால் உள்ளேயே திரும்பி அந்த முனையில் தலையை நீட்டும். அதை நான் ஃபெரியோயிகா என்று பேரினத்தோடு நிறுத்திப் பதிவிடுகிறேன். இனப்பெயர் கேட்டு மல்லுக்கு நிற்கிறவர்களுக்குக் கூட்டோடு பார்சல் அனுப்பத் தயார். எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை.