கவுன்சலிங் நன்று, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மோசம்

குடியை நிறுத்த அண்ணனைக் கோவைப் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் 30 நாள் சேர்த்திருந்தோம். சாப்பாடு சுமார், கவுன்சலிங் நன்று, ஆனால் நான் எழுத வந்தது வேறு. முதல் வாரம் பெரியப்பா மகன் போன் போட்டு விசாரித்தபோது, அப்படி ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்றே சொல்ல முடியாது என்றார்களாம். அவருக்குக் கோபம், எனக்கு நிம்மதி. அண்ணனுக்குப் பெண் பார்க்கிற நேரம், ஒரு வார்த்தை கசிந்தால் போதும்.

அப்புறம் மூன்றாம் வாரம் சொதப்பினார்கள். ஓர் ஊழியர் யோகா வகுப்பைப் படமெடுத்துத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார், ஓரத்தில் அண்ணன் முகம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநலச் சிக்கல்களும் அடக்கம். ரகசியம் காக்கப்படுவது நோயாளியின் உரிமை என்று 23ஆம் பிரிவு சொல்கிறது, சம்மதமில்லாமல் படத்தை ஊடகத்துக்குத் தரக் கூடாது என்று 24ஆம் பிரிவு. இதைச் சொன்னதும் உடனே நீக்கினார்கள், மேலாளர் மன்னிப்பும் கேட்டார், சரி, அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்களோ.

சேர்க்கிற அவசரத்தில் நீட்டும் படிவத்தில் படமெடுக்கச் சம்மதம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தால், அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 5க்கு 3.