இறக்கத்தில் பிரேக்: விடாமல் பிடிப்பதா, பிடித்து விடுவதா?

செங்குத்தான மலைப்பாதையில் மவுன்டன் பைக்கில் இறங்கும்போது வேகத்தைக் கட்டுப்படுத்த இரண்டு வழிகள் உண்டு: மேலிருந்து கீழ்வரை பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே வருவது ஒன்று, வளைவுக்கு முன்னரே, நேரான பகுதியில் அழுத்தமாகப் பிடித்து, திரும்பும்போது விட்டுவிடுவது மற்றொன்று.

புதியவர்களுக்கு முதல் வழியே பாதுகாப்பாகத் தோன்றும். பிரேக்கை விட்டால் வேகம் கூடிவிடுமோ என்ற அவர்களின் அச்சம் நியாயமானதே. ஆனால் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும், பிரேக் கவ்விப் பிடிக்கும் உலோகத் தட்டு) குளிர்வதற்கு இடைவெளி கிடைக்காமல் சூடு ஏறிக்கொண்டே போவதால், நீண்ட இறக்கத்தின் முடிவில், கைகளும் சோர்ந்துவிட்ட வேளையில், பிரேக்கின் பிடிப்பு குறைந்துவிடக்கூடும். இத்தகைய இறக்கங்களுக்கான சைக்கிள்களில் ஏறக்குறைய 200 மி.மீ. விட்டமுள்ள பெரிய டிஸ்க்குகளைப் பொருத்துவதற்கு இந்த வெப்பமும் ஒரு காரணம்.

இரண்டாம் வழியின் உண்மையான பலன் வளைவில்தான் தெரியும். டயருக்கும் மண்ணுக்கும் இடையிலான பிடிமானம் ஓர் அளவுக்குட்பட்டது. அதைப் பிரேக்குக்கே செலவிட்டால் திரும்புவதற்கு மிஞ்சாது. முன் பிரேக்கை விட்டதும், அமுங்கியிருந்த ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கி, அதிர்வை உள்வாங்கும் கவை) எழும்பி, வேர்களின் மீதும் கற்களின் மீதும் ஏறும்போது வரும் அதிர்வை வாங்கிக்கொள்ளத் தயாராகிறது.

நேர்ப்பகுதியே இல்லாத செங்குத்துச் சரிவில் மட்டும் பிரேக்கை முழுவதும் விடுவது ஆபத்து. அங்கே சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாத அளவுக்கு, இரு பிரேக்குகளையும் ஒற்றை விரலால் மெல்லப் பிடித்தபடி இறங்குவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.