பெஹ்ரிங்கர் எக்ஸ்32: மேடைக்கும் வானொலிக்கும் ஒரே மிக்சர்

மைக் செட் வேலைக்கோ வானொலி நேரலைக்கோ உதவியாளராகப் போகிறவர் அடிக்கடி எதிர்கொள்ளும் டிஜிட்டல் மிக்சர்களில் ஒன்று இது. 2012இல் வந்தது, வாடகைக்கு விடுகிறவர்கள் இன்னும் கைவிடவில்லை. 32 மைக் உள்ளீடு, தானே நகரும் 25 ஃபேடர் (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி), 16 பஸ் (தனி மிக்ஸ் ஒன்றைச் சேர்த்து வெளியே அனுப்பும் வழி). எடை 20 கிலோவைத் தாண்டும். பெட்டியோடு தூக்க இரண்டு பேர் வேண்டும்.

இதன் பலமே பஸ்கள்தான். ஒரு சபா கச்சேரி வானொலிக்கும் போகிறது என்று வையுங்கள். அரங்கத்துக்கான மெயின் மிக்ஸையே அனுப்பினால் பாட்டு மட்டும் முன்னால் நிற்கும், மிருதங்கம் எங்கோ கேட்கும். சிறிய அரங்கில் மிருதங்கம் நேராகவே காதில் விழுவதால் ஸ்பீக்கரில் அதைக் குறைத்திருப்போம். வானொலி நேயருக்கு அந்த நேரடி ஒலி கிடையாது. அதனால் 11, 12 பஸ்களை ஸ்டீரியோவாக இணைத்து, ப்ரீ-ஃபேடரில், அதாவது அரங்கத்துக்கான ஃபேடரை நகர்த்தினாலும் மாறாதபடி, தனி மிக்ஸ் போடுங்கள். கைதட்டலுக்கு ரசிகர் பக்கம் இரண்டு மைக் வைத்து, மெயினை விட்டுவிட்டு இந்த பஸ்ஸுக்கு மட்டும் அனுப்புங்கள். 13 முதல் 16 வரை வழக்கமாக எஃபெக்ட்டுக்குப் போவதால் அவற்றைத் தொட வேண்டாம். 11, 12 பஸ்களிலிருந்து வரும் கேபிள் வானொலி ரெக்கார்டரின் லைன் உள்ளீட்டில்தான் செருகப்பட வேண்டும். மைக் உள்ளீட்டில் செருகினால் ஒலி உடையும். 'ம்ம்ம்' என்று இரைந்தால் நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (இரு கருவிகளின் மின் தொடர்பைப் பிரிக்கும் சிறு பெட்டி) போடுங்கள்.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் 'சென்ட்ஸ் ஆன் ஃபேடர்' பொத்தான்; அதை அழுத்தினால் ஃபேடர்கள் அரங்க ஒலியை விட்டு, தேர்ந்தெடுத்த பஸ்ஸுக்குப் போகும் அளவை மாற்றும். மானிட்டரை (மேடையில் கலைஞர் கேட்கும் ஸ்பீக்கரை) சரிசெய்துவிட்டு அதை அணைக்க மறந்தால், அரங்கில் ஏற்றுவதாக நினைத்து மானிட்டரை ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். அடுத்த நொடி ஃபீட்பேக், அதாவது ஸ்பீக்கர் ஒலி மைக்கில் திரும்பப் புகுந்து கிளம்பும் ஊளை. மிருதங்கச் சேனலில் 'கேட்' (குறைந்த ஒலியை அடைத்துவிடும் வசதி) வேண்டாம். மிருதங்கத்தின் மென்மையான தட்டுகளையெல்லாம் விழுங்கிவிடும்.

தொழில் கற்க இதில் உள்ள பெரிய வசதி, யூஎஸ்பி வழியாக 32 தடங்களையும் லேப்டாப்பில் தனித்தனியாகப் பதியலாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 16.6 ஜிபி, டிஸ்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் ரூட்டிங் பக்கத்தில் (எந்த ஒலி எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் மெனு) உள்ளீடுகளை எட்டெட்டாக 'லோக்கல்' (மிக்சரின் மைக் உள்ளீடு) என்பதிலிருந்து 'கார்டு'க்கு (யூஎஸ்பி வழி வரும் பதிவு) மாற்றினால், கலைஞர் இல்லாமலே அதே கச்சேரியை எத்தனை முறை வேண்டுமானாலும் மிக்ஸ் செய்து பழகலாம். திரும்ப 'லோக்கல்' ஆக்க மறந்தால் அடுத்த நிகழ்ச்சியில் ஒரு மைக்கும் பேசாது. மிக்சரே கைக்கு வராதவர் இலவச எக்ஸ்32-எடிட் மென்பொருளில் மெனுக்களையாவது மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

குறைகள்: மின் இணைப்பு ஒன்றுதான். ஜெனரேட்டர் மாறும் கணத்தில் மிக்சர் அணைந்தால், மறுபடி எழும் வரை அரங்கில் மௌனம், வானொலியிலும் மௌனம். யூபிஎஸ் இல்லாமல் நேரலைக்கு இதை எடுக்கவே கூடாது. மேடைப்பெட்டிக்கு (மேடையில் மைக்குகளைச் செருகும் பெட்டி) டிஜிட்டலாக ஒலி கொண்டுபோகும் ஏஇஎஸ்50 கேபிள் 100 மீட்டர் வரை போகும், ஆனால் ஷீல்டு உள்ள கேட்5இ வகை நெட்வொர்க் கேபிள், உலோக முனை இரண்டும் கட்டாயம்; மலிவான நெட்வொர்க் கேபிளில் நிலைமின்சாரம் பட்டாலே ஒலி விட்டுவிட்டு வரும். வேறொருவரின் சீனை (சேமித்து வைத்த மிக்சர் அமைப்பை) ஏற்றினால் கெயினும் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) சில மைக்குகளுக்குத் தேவையான 48 வோல்ட் மின்சாரமும் சேர்ந்தே மாறக்கூடும். முதலில் மெயினை மியூட் செய்துவிட்டு ஏற்றுங்கள்.

சொந்தமாக வாங்க அவசரம் வேண்டாம். வாடகைக்கு எடுப்பவரோடு சேர்ந்து பத்துக் கச்சேரிக்குக் கேபிள் இழுங்கள். சவுண்ட் செக் முடிந்ததும் அன்றைய சீனை உங்கள் பென் டிரைவில் சேமித்துத் தரும்படி கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள்.