வெப்எய்ம் கான்ட்ராஸ்ட் செக்கர்: எதற்கு நம்பலாம், எங்கே கைவிடும்

இணையதளத்துக்கு நிறம் பார்க்கும் கருவிகள் ஏராளம். பெரும்பாலானவை ஐந்து அழகான நிறங்களை வரிசையாக அடுக்கித் தரும். அந்த நிறங்களில் எழுத்தைப் போட்டால் படிக்க வருமா என்று கேட்டால் பதில் இருக்காது. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது, யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வெப்எய்ம் அமைப்பின் கான்ட்ராஸ்ட் செக்கர். இலவசம், லாகின் வேண்டாம்.

எழுத்து நிறம் ஒரு பெட்டியில், பின்னணி நிறம் இன்னொன்றில். இரண்டின் ஒளிர்வு விகிதத்தை உடனே காட்டும். வெள்ளையில் கறுப்பு 21:1, அதுதான் உச்சம். டபிள்யூசிஏஜி (இணையதளத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான சர்வதேச வழிகாட்டி) விதியின் ஏஏ நிலைக்குச் சாதாரண எழுத்து குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். 24 பிக்சலோ அதற்கு மேலோ உள்ள எழுத்துக்கும், பட்டன் ஓரம், ஐகான் போன்றவற்றுக்கும் 3:1 போதும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக பாஸ், ஃபெயில் தெரியும்.

கறாரான கருவி, எண்ணை மேலே தள்ளி பாஸ் போடாது. வெள்ளைப் பின்னணியில் #767676 (நிறங்களைக் குறிக்கும் ஆறு இலக்கக் குறியீடு) சாம்பல் 4.54 வாங்கித் தேறும். ஒரே படி வெளிறிய #777777 தேறாது. டிசைனர்களுக்குப் பிடித்த #999999க்கு 2.8தான், தேதி, படக்குறிப்பு எல்லாம் அந்த நிறத்தில் கிடக்கும் தளங்களை எண்ணி மாளாது. இன்னொரு பொறி: தேறிய #767676ஐ அப்படியே வெளிர் சாம்பலான #F5F5F5 கட்டத்துக்குள் வைத்தால் 4.2க்கும் கீழே இறங்கிவிடும். எனவே பின்னணி மாறும் ஒவ்வொரு இடத்திலும் மறுபடி சோதிக்க வேண்டும்.

இதில் உருப்படியான வசதி வெளிச்ச ஸ்லைடர். ஆரஞ்சு பட்டனில் (சிவப்பு 255, பச்சை 102, நீலம் 0) வெள்ளை எழுத்து 2.9, ஃபெயில். ஸ்லைடரை இருட்டுப் பக்கம் நகர்த்தினால் 200, 80, 0 அருகே 4.5ஐத் தாண்டும். ஆனால் அதற்குள் ஆரஞ்சு செங்கல் நிறமாகியிருக்கும். பிராண்ட் நிறத்தைத் தொடக் கூடாது என்று வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்தால், எழுத்தைக் கறுப்பாக்கிப் பாருங்கள்: அதே ஆரஞ்சில் 7.15. வெள்ளை எழுத்துதான் எடுப்பு என்ற பழக்கத்தால் பலர் இதைச் சோதித்தே பார்ப்பதில்லை.

குறைகளுக்கு வருவோம். கிரேடியன்ட் (ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறும் பின்னணி), புகைப்படம் மீது எழுத்து இருந்தால் இது தானாகக் கணக்கிடாது. எழுத்துக்கு அடியில் வரும் பின்னணியில் எழுத்தின் நிறத்தோடு அதிகம் ஒட்டிப்போகும் புள்ளியை நீங்களே எடுத்துக் கொடுக்க வேண்டும். டார்க் மோடில் சூத்திரமே தாராளம் காட்டுகிறது: கறுப்பின் மீது #767676க்கு 4.62 கொடுத்து பாஸ் போடும், கண்ணுக்கோ அது மங்கல்தான். இருட்டுப் பின்னணிக்கு 7:1 என்று நீங்களே வரம்பு வைத்துக்கொள்வது நல்லது.

எழுத்தின் தடிமனும் கணக்கில் வராது. தமிழில் இது கூடுதல் தலைவலி. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவின் மெல்லிய வடிவத்தை 14 பிக்சலில் சாம்பலில் போட்டால் முதலில் காணாமல் போவது புள்ளி. 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். பாஸ் வந்தாலும் தமிழ் உரைக்கு 400 தடிமனுக்கு (எழுத்துருவின் வழக்கமான தடிமன்) கீழே போகாதீர்கள். பெரிய எழுத்துக்கான 3:1 சலுகையையும் மெல்லிய தலைப்புகளுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிறக்குருடு பற்றியும் இது பேசாது. வெள்ளையில் அடர் பச்சை (0, 128, 0) 5.1 வாங்கித் தேறும். சுத்தச் சிவப்பு ஏறக்குறைய 4இல் நின்றுவிடும், அதைச் சற்று இருட்டாக்கினால் தேறிவிடும். ஆனால் 'சரி'க்குப் பச்சை, 'தவறு'க்குச் சிவப்பு என்று மட்டும் விட்டால், சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஐகானோ ஒரு வார்த்தையோ கூட வர வேண்டும். இதைச் சோதிக்க குரோம் உலாவியின் டெவ்டூல்ஸில் ரெண்டரிங் பகுதியைத் திறந்து டியூட்டரனோபியா, புரோட்டனோபியா (சிவப்பு-பச்சை நிறக்குருட்டின் இரு வகைகள்) தேர்வுகளைப் போட்டுப் படிவப் பக்கத்தைப் பாருங்கள்.

உரைக்குள் வரும் லிங்க்குகளுக்கு அதே தளத்திலேயே தனிச் செக்கர் உண்டு. அடிக்கோடு எடுத்துவிட்ட லிங்க், பின்னணியோடு 4.5:1 இருந்தால் மட்டும் போதாது, சுற்றியுள்ள எழுத்தோடும் 3:1 வேறுபட வேண்டும். கறுப்பு உரைக்கு நடுவே கருநீல லிங்க் வைப்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். அடிக்கோட்டை விட்டுவைத்தால் இந்த 3:1 கணக்கே தேவையில்லை.