போர்ஷே 911 ஜிடி3: சென்னையில் வைத்து ஓட்டினால்

992 தலைமுறை ஜிடி3-யில் சென்னை சோதிப்பது எஞ்சினை அல்ல. டர்போ இல்லாத அந்த 4.0 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின் 510 குதிரைத்திறன் தரும், 9,000 ஆர்பிஎம் வரை பாடும். சித்திரை வெயிலுக்கும் அசராது. ஆயில் 80 டிகிரியைத் தொடும்வரை 4,000-க்கு மேல் போகாமலிருந்தால் போதும். கூலண்ட் முள் ஏறிவிட்டதை நம்பக் கூடாது, ஆயில் அதன் பின்னால்தான் சூடாகும்.

வேலை வைப்பது மூக்கு. முன்பம்பரின் பெரிய காற்று வழிகளில் வேப்பிலை, பாலித்தீன், மணல் எல்லாம் உள்ளே போய் ரேடியேட்டர் முன் தேங்கும். ஈசிஆர் பக்கம் நிற்கும் காரில் அந்தக் குப்பையில் உப்பு ஈரம் ஊறி, ஏசி கண்டென்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகளை அரிக்கும். ஏசி குளிர்ச்சி குறைவதுதான் முதல் அறிகுறி. மாதம் ஒருமுறை வேக்குவத்தால் குப்பையை எடுத்து, சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷ் வேண்டவே வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும். புதிதாக வாங்குபவர்கள் மூக்கை உயர்த்தித் தரும் முன்பக்க லிஃப்டை விடாதீர்கள். நம் வேகத்தடைகளுக்கு அது ஆடம்பரம் இல்லை. அப்படியும் முன்பம்பரின் கீழ் உதடு உரசும். அதைத் தேய்மானப் பொருளாகவே கணக்கில் வையுங்கள்.

டயர் முன்னே 255/35 இருபது அங்குலம், பின்னே 315/30 இருபத்தொன்று. டிராக் ஓட்டத்துக்கென்றே வரும் கப் 2 வகை டயர் காய்ந்த சாலையில் அபாரம். ஐப்பசி மழையில், குளிர்ந்த நிலையில், தேங்கிய நீரில் மிதக்கும். 2025-க்கு முந்தைய 992 தலைமுறை டர்போ எஸ்-க்கும் இதே அளவுதான் என்பதால் சாதாரணச் சாலை டயர் கிடைக்கும். மழைக்காலத்துக்கு அதை மாட்டுவதே புத்தி.

சக்கரத்துக்கு ஒரே நட்டு, 600 நியூட்டன் மீட்டர் முறுக்கம். ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் முறுக்க வேண்டும்: 600-க்கு இறுக்கி, கால் சுற்று தளர்த்தி, மறுபடி 600. தெருமுனைப் பஞ்சர் கடையில் இதற்கான ரென்ச் இருக்காது. ஸ்டெப்னியும் கிடையாது. ஓட்டை அடைக்கும் சீலண்டும் கம்ப்ரஸரும் வண்டியில் இருக்கட்டும், காரை ஏற்றிச் செல்லும் ஃப்ளாட்பெட் லாரியின் எண் போனில்.

பெட்ரோல் 98 ஆக்டேன் கேட்கும் வண்டி. எத்தனால் 10 சதவீதம் வரைதான் ஏற்கும். பெட்ரோல் பங்க்குகளில் இப்போது 20 சதவீதக் கலப்பு, ஆகவே எத்தனால் கலக்காத 100 ஆக்டேன்தான் வழி. பேட்டரி லித்தியம், அதற்கேற்ற சார்ஜர் வாங்குங்கள்.

பிடிகே (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் வண்டியை ஓஎம்ஆர் நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்தாதீர்கள், கிளட்ச் நழுவிச் சூடேறும். இடைவெளி விட்டு, நகர்ந்து, முழுதாக நிறுத்துங்கள்.

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் டயர் சூடேறியபின் காற்றைக் குறைத்திருந்தால், வீடு திரும்புமுன் நிரப்பிவிடுங்கள். பயன்படுத்திய வண்டி வாங்குபவர்கள் ஓவர்ரெவ் பதிவை, அதாவது எஞ்சின் எல்லை மீறிச் சுழன்றதை வண்டியின் கணினி வேக வரம்பு வாரியாகக் குறித்து வைத்ததை, கேட்டே ஆக வேண்டும். மேனுவல் என்றால் கட்டாயம்: தவறிக் கீழ் கியர் போட்டால் ரெவ் லிமிட்டர் காப்பாற்றாது. உயர் வரம்புகளில் பதிவு இருந்தால், அது எத்தனை எஞ்சின் மணி நேரத்துக்கு முன் நடந்தது என்றும் பாருங்கள்.