தனி சர்வர் திணறும்போது எதை மாற்றுவது?

மாலை ஏழு மணியானால் அந்த இணையதளம் திறக்கப் பத்து விநாடிக்கு மேல் ஆகும். 8 ஜிபி நினைவகம் கொண்ட தனி சர்வர். பராமரிப்பு என் பொறுப்பு. 16 ஜிபி மெஷினுக்கு மாறிவிடலாம் என்று உரிமையாளர் பணம் கட்டத் தயாராகிவிட்டார். ஒரு மாலை மட்டும் அவகாசம் கேட்டு, சர்வரில் என்ன ஓடுகிறது என்று காட்டும் 'டாப்' கட்டளையை ஓடவிட்டு உட்கார்ந்தேன்.

லோடு ஆவரேஜ், அதாவது ஒரே நேரத்தில் ஓடவோ காத்திருக்கவோ செய்யும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை, முப்பதைத் தாண்டியிருந்தது. ஆனால் பிராசசர் உழைத்தது பத்து சதவீதம்கூட இல்லை. 'டபிள்யூஏ' என்ற எண், அதாவது வட்டின் பதிலுக்காகக் காத்திருந்த நேரம், அறுபது சதவீதத்துக்கு மேல். லினக்ஸில் வட்டுக்காகக் காத்துக் கிடக்கும் பிராசஸ்களும் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்களும்) லோடு கணக்கில் சேரும் என்பதால், லோடு எண்ணை மட்டும் பார்த்துப் பிராசசர் போதவில்லை என்று முடிவு கட்டுபவர்கள் ஏராளம். கீழே ஸ்வாப், அதாவது நினைவகம் போதாதபோது வட்டில் கடன் வாங்கும் இடம், நிரம்பிக்கொண்டிருந்தது. காரணம், பக்கங்களை உருவாக்கும் பிஎச்பி நிரலைத் தனிப் பிராசஸ்களாக ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் அமைப்பில் இருந்த ஒரே ஒரு வரி: மேக்ஸ் சில்ட்ரன் 200, அதாவது ஒரே நேரத்தில் 200 பிராசஸ்கள் வரை. ஒவ்வொரு பிராசஸும் சுமார் 60 எம்பி பிடித்தது. இருநூறும் ஒன்றாக எழுந்தால் 12 ஜிபி வேண்டும். அதை 60 ஆகக் குறைத்தேன். கோரிக்கைகள் கொஞ்சம் வரிசையில் நின்றன, ஆனால் வரிசை நகர்ந்தது. பக்கம் இரண்டு விநாடிக்குள் திறந்தது.

16 ஜிபி வாங்கியிருந்தாலும் அன்றைய சிக்கல் தீர்ந்திருக்கும்தான். ஒரு வரியைத் திருத்தாததற்கு மாதாமாதம் வாடகை கட்டியிருப்பார், அவ்வளவே. அதனால்தான் கீழே உள்ள ஒவ்வொரு வழியையும், கோரிக்கை எந்த இடத்தில் காத்து நிற்கிறது என்ற கேள்வியை வைத்தே எடைபோடுகிறேன்.

வட்டில் இருந்து தொடங்கலாம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி எடுத்துக்கொள்கிறது. தேடும் தரவு தலைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று. தலை நகரும் நேரம் தனி. விநாடிக்கு நூறு சிதறலான வாசிப்புகள் கிடைத்தால் பெரிது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி அதே வேலையைப் பல ஆயிரக்கணக்கில் செய்கிறது. இந்த மாற்றத்துக்கு இரண்டாவது யோசனை தேவையில்லை. சாட்டா என்ற பழைய இணைப்பு முறை எஸ்எஸ்டியிலிருந்து என்விஎம்இ என்ற புதிய முறைக்குப் போவது வேறு கதை. சாட்டாவின் ஏஹெச்சிஐ முறையில் ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகள். என்விஎம்இயில் 65,535 வரிசைகள் வரை வைத்துக்கொள்ளலாம். தரவுத்தளம் நினைவகத்தில் அடங்காமல் வழிந்தாலோ, எழுதும் வேலை மிகுந்தாலோ அந்த வித்தியாசம் தெரியும். இல்லையென்றால் பார்வையாளர் உணரப்போவதில்லை.

பக்கங்களை அனுப்பும் வெப் சர்வர் மென்பொருளாக அப்பாச்சியா, என்ஜின்எக்ஸா? இந்த விவாதத்தில் பெரும்பாலும் ஒப்பீடே நியாயமாக நடப்பதில்லை. 1995இல் வந்த அப்பாச்சியின் பழைய 'ப்ரீஃபோர்க்' முறையில் ஓர் இணைப்புக்கு ஒரு பிராசஸ். அதற்குள்ளேயே பிஎச்பியும் குடியிருக்கும். ஒரு சிறிய படத்தைக் கொடுத்தனுப்பக்கூட அந்த முழுச் சுமையும் எழுந்து வரவேண்டும். 2004இல் வெளியான என்ஜின்எக்ஸ், ஒரே பிராசஸுக்குள் ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனிக்கும்படி தொடக்கத்திலேயே கட்டப்பட்டது. பழைய ப்ரீஃபோர்க்கோடு ஒப்பிட்டால் என்ஜின்எக்ஸ் வெல்லத்தான் செய்யும். ஆனால் 2012இல் வந்த அப்பாச்சி 2.4இல் 'ஈவென்ட்' முறை நிலைபெற்றுவிட்டது. அதோடு பிஎச்பியையும் எஃப்பிஎம்முக்கு மாற்றிவிட்டால் இடைவெளி வெகுவாகச் சுருங்கும். வெப் சர்வரை மாற்றியதால் வேகம் வந்தது என்று பலர் சொல்வதில் பெரும்பங்கு, பிஎச்பியை வெளியே எடுத்ததன் பலன் என்பது என் எண்ணம்.

மிச்சமிருக்கும் வித்தியாசம், ஒரு கோப்புறைக்கான விதிகளை அங்கேயே எழுதிவைக்கும் எச்டிஆக்சஸ் கோப்பு. அதை அனுமதித்திருந்தால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் வழியிலுள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் அப்பாச்சி அதைத் தேடிப் பார்க்கும். என்ஜின்எக்ஸில் அந்த வசதியே இல்லை. விதிகளை எல்லாம் கையால் மாற்றி எழுத வேண்டும். ஒரே தளம், அதுவும் நம்முடையது என்றால் தயங்காமல் என்ஜின்எக்ஸ். பலருடைய தளங்கள் குடியிருக்கும் சர்வர் என்றால் ஈவென்ட் முறை அப்பாச்சியையே வைத்துக்கொள்வேன். லைட்ஸ்பீட் என்ற இன்னொரு வெப் சர்வர் எச்டிஆக்சஸ் கோப்பை அப்படியே புரிந்துகொள்ளும், வேகமும் உண்டு. ஆனால் அதன் முழுப் பதிப்புக்கு உரிமக் கட்டணம் இருக்கிறது.

ஒருமுறை செய்த வேலையைச் சேமித்து வைக்கும் கேஷ் விஷயத்தில், தொகுத்த பிஎச்பி நிரலை நினைவகத்தில் வைத்திருக்கும் ஓப்கேஷைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை. பிஎச்பி 5.5இலிருந்து கூடவே வருகிறது, இயங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். உண்மையான தேர்வு, முழுப் பக்கத்தையும் சேமிப்பதா, தரவுத் துண்டுகளைச் சேமிப்பதா என்பதில் இருக்கிறது. செய்தித் தளம் போல எல்லோருக்கும் ஒரே பக்கம் என்றால் வார்னிஷோ என்ஜின்எக்ஸின் ஃபாஸ்ட்சிஜிஐ கேஷோ அற்புதம் செய்யும். ஒரு பக்கத்தை ஒரே ஒரு விநாடி சேமித்து வைத்தால்கூட, விநாடிக்கு நூறு பேர் கேட்கும்போது பிஎச்பி ஒருமுறை ஓடினால் போதும். ஆனால் உள்நுழைந்தவருக்கான குக்கியைக் கவனித்து விலக்கு எழுத மறந்தால், ஒருவருடைய பெயரும் முகவரியும் இன்னொருவர் திரையில் போய் நிற்கும். விற்பனைத் தளம் நடத்துபவர் இதைச் சோதிக்காமல் ஒரு நாளும் இயக்கக்கூடாது. அங்கே ரெடிஸ், மெம்கேச்ட் போன்ற நினைவகச் சேமிப்பு மென்பொருள்களில் துண்டுகளைச் சேமிப்பதே பாதுகாப்பு. ரெடிஸா, மெம்கேச்டா என்று ஒரே சர்வரில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இத்தனைக்கும் மேலாக நான் முதலில் கைவைக்கும் இடம் தரவுத்தளம். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம், தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் தன் இன்னோடிபி பஃபர் பூலுக்கு இயல்பாக ஒதுக்குவது 128 எம்பி. 32 ஜிபி மெஷினிலும் யாரும் தொடாமல் அது அப்படியே கிடப்பதைக் கண்டால் மனம் கனக்கிறது. மெதுவான வினவல்களின் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகளின்) பதிவேட்டில் இயல்பு வரம்பு 10 விநாடி. அதை ஒரு விநாடியாகக் குறைத்து ஒரு நாள் ஓடவிடுங்கள். அகப்படும் வினவலுக்கு முன் 'எக்ஸ்ப்ளெய்ன்' சேர்த்து ஓட்டினால், டைப் என்ற நெடுவரிசையில் 'ஆல்' என்று வரும் இடத்தில் முழு அட்டவணையும் வாசிக்கப்படுகிறது என்று பொருள். இருபது லட்சம் வரிகளைப் புரட்டிக்கொண்டிருந்த வினவல், புத்தகத்தின் பொருளடைவு போன்ற சரியான இன்டெக்ஸ் ஒன்று சேர்ந்ததும் சில தரவுப் பக்கங்களைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். எந்த என்விஎம்இயும் இதற்கு ஈடாகாது. பழைய குறிப்புகளைப் படித்து வினவல் கேஷைப் பெரிதாக்கப் போகாதீர்கள், மைஎஸ்க்யூஎல் 8.0இல் அதை நீக்கியே விட்டார்கள்.

சர்வர் நன்றாக ஓடியும் தொலைவில் இருப்பவருக்குத் தாமதம் என்றால் அதற்கு முக்கிய வழி சிடிஎன், அதாவது பார்வையாளருக்கு அருகிலிருந்தே தரவைக் கொடுக்கும் சர்வர்களின் வலை. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் போகும். 10,000 கிலோமீட்டர் தள்ளியிருப்பவருக்குப் போய்வர 100 மில்லிவிநாடி. பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் நெறிமுறையின் 1.2 பதிப்பில் முதல் பதில் வர நான்கு முறை போய்வர வேண்டும், 1.3இல் மூன்று. பதிப்பை உயர்த்தினாலே 100 மில்லிவிநாடி மிச்சம். மீதியைக் குறைக்கத் தரவை அவர் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்த பிறகும் டாப் திரையில் பிராசசரின் 'யூஸர்' நேரம் எண்பது, தொண்ணூறு என்று மணிக்கணக்கில் நின்றால் புதிய மெஷின் வாங்குவது சரியான செலவு. அப்போதும் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு பிஎச்பி கோரிக்கை பிராசசரின் ஒரே கோரில்தான் (செயற்பகுதியில்தான்) ஓடும். கூட்டம் இல்லாத நேரத்திலும் பக்கம் மெதுவாக இருந்தால், வேகம் கூடிய கோர்கள் எட்டு, மெதுவான கோர்கள் முப்பத்திரண்டைவிட உங்களுக்கு உதவும்.