புதிய மடிக்கணினியோடு வந்த கையேடு

பாளையங்கோட்டைக் கடையொன்றில் மகளின் படிப்புக்காக வாங்கிய மடிக்கணினி குறையின்றி ஓடுகிறது. கையேட்டைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை. பல மடிப்பாக விரியும் அந்தத் தாளில் தமிழில் ஒரு வரிகூட இல்லை. சக்கரம் வைத்த குப்பைத்தொட்டியைக் குறுக்கே அடித்துக் காட்டும் படம், பழுதான கருவியை வீட்டுக் குப்பையோடு போடாமல் மின்கழிவாகத் தனியே ஒப்படைக்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது. அதற்கு அங்கே விளக்கமே இல்லை. சார்ஜரின் மீது பொடி எழுத்தில் இருந்த 100-240 வோல்ட் என்ற குறிப்பைப் படித்த பிறகே, நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தில் அதை நேரடியாகச் செருகலாம் என்று அம்மாவுக்கு உறுதி சொன்னேன். உத்தரவாத அட்டை மட்டும் தெளிவாக இருக்கிறது. கணினியின் அடியில் ஒட்டியிருந்த வரிசை எண்ணைக் கடைக்காரரே ரசீதில் எழுதி, அட்டையோடு பின் அடித்துத் தந்தார்.